கடிகாரத்தைக் கழற்றி எறிந்தவர்கள்

'ஈஸி ரைடர்' படத்தை என் மாணவிகளுக்கு ஒரே மூச்சில் காட்ட முடியவில்லை. படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் வகுப்புகள் முடிந்து, கருத்தரங்கக் கூடத்தின் சாவியை வாங்கி, புரொஜெக்டரை ஓட வைப்பதற்குள் மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. ஆறரைக்கு விடுதியில் வருகைப் பதிவு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் கடைசிப் பேருந்து. எனவே செவ்வாய்க்கிழமை பாதி, வியாழக்கிழமை மீதி.

படம் தொடங்கிச் சில நிமிடங்களில் அந்தப் புகழ்பெற்ற காட்சி வருகிறது. பீட்டர் ஃபோண்டா நடிக்கும் வயட், நீண்ட முன்கவையும் கொடி வண்ணம் பூசிய டாங்கும் கொண்ட மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறான். கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறான், ஒருமுறை பார்க்கிறான், தரையில் எறிகிறான். பிறகு அவனும் டென்னிஸ் ஹாப்பர் நடிக்கும் பில்லியும் புறப்படுகிறார்கள். வசனம் தேவைப்படாத காட்சி. விடுதலை என்றால் என்ன என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன படங்கள் குறைவு. அந்த நொடியில் நான் திரையைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேர் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அவருக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது மேடம்."

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வரி என்னோடு வந்தது. இந்தக் கட்டுரை அந்த வரியின் விரிவுதான்.

பழைய காரையோ மோட்டார் சைக்கிளையோ வாங்கி, பிரித்து, அறுத்து, ஒட்டவைத்து, தன் மனத்துக்குப் பிடித்த உருவத்தில் மறுபடி கட்டி ஓட்டும் ஆர்வம் இன்று பல நாடுகளில் உண்டு. அதற்கென்று ஒரு மொழியையும் அழகியலையும் உண்டாக்கியதில் கலிபோர்னியாவுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் குறைந்த விலைக் காரில் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி விற்றது. பழசான பிறகு இந்தக் கார்கள் சாதாரண இளைஞர்களின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன. மட்காடையும் வேண்டாத பாகங்களையும் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் தட்டித் திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்களோடு இந்த ஆர்வம் பெருகியது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற இதழே வெளிவரத் தொடங்கியது.

வேகத்தை விரும்பியவர்கள் கட்டியது ஹாட் ராட். தோற்றத்தை விரும்பியவர்கள் கட்டியது கஸ்டம். காரின் கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலங்களை அறுத்தெடுத்துவிட்டுக் கூரையை இறக்கிப் பற்றவைப்பார்கள். ஒட்டுத் தெரியாமலிருக்க ஈயத்தை உருக்கிப் பூசித் தேய்ப்பார்கள். பளபளக்கும் அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தை அடுக்கடுக்காகத் தெளிப்பார்கள். காய்ந்த பிறகு அது சர்க்கரைப் பாகில் தோய்த்தெடுத்த மிட்டாயைப் போல மினுங்கும். மோட்டார் சைக்கிளில் வேண்டாததையெல்லாம் வெட்டியெறிந்து, முன்கவையை நீட்டினால் சாப்பர்.

இந்த ஆசையைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. தொழிற்சாலை லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்துத் தள்ளும் ஒரு பொருளை, கையால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றாக மாற்றிக்காட்டுவதில் கர்வம் கொள்ள நியாயம் இருக்கிறது. டிங்கரிங் பட்டறையில் நெளிந்த தகட்டைத் தட்டித் தட்டி நேராக்கும் ஒருவரைப் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். பெண்ணியம் இந்த மகிழ்ச்சியை 'ஆண்களின் விளையாட்டு' என்று ஒதுக்கிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டிகள் எதனால் ஆனவை?

இரும்பால், ஈயத்தால், வண்ணத்தால் என்பது பட்டறையின் பதில். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு மூலப்பொருள் இருக்கிறது: யாரும் குறுக்கே வந்து கூப்பிடாத நேரம். வேலை முடிந்த பிறகும் தனக்கே மிஞ்சும் மாலைகள். சனி, ஞாயிறு. பிரித்துப்போட்டதைப் பிரித்தபடியே விட்டுவிட்டு எழுந்துபோக ஓர் இடம். முடிந்த பின் ஓட்டிப் பார்க்க ஓர் இரவுச் சாலை. இவை கிடைத்தவருக்கே அந்த வண்டி கிடைக்கும். இந்தக் கலாசாரத்தைப் பற்றி எழுதப்பட்டவையும் எடுக்கப்பட்டவையும் இந்த மூலப்பொருளைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

டாம் வுல்ஃப் 1963இல் 'எஸ்குவயர்' இதழில் கஸ்டம் கார்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1965இல் வந்த அவருடைய முதல் நூலுக்கு அந்தக் கட்டுரையே பெயரும் கொடுத்தது. ஜார்ஜ் பாரிஸ், எட் ராத் போன்ற கார் கட்டுபவர்களைக் கலைஞர்களாகவே நடத்த வேண்டும், அவர்கள் செய்வது சிற்பம் என்பது அவருடைய வாதம். அன்றைய கலை விமர்சனம் மூக்கைச் சுளித்த ஒரு பட்டறைக்குள் அவர் நுழைந்து, இங்கேயும் வடிவம் இருக்கிறது, பாணி இருக்கிறது, மரபும் மீறலும் இருக்கின்றன என்று காட்டினார். கைவேலைக்கும் கலைக்கும் நடுவே இருந்த வேலியை அவர் பிடுங்கியது நமக்கு நல்லதே. ஆனால் வேலியைப் பிடுங்கிய பிறகு எந்தப் பக்கம் நடந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டை ஒட்டிய கராஜுக்குள் போனார். சமையலறைக் கதவைத் தட்டவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. அந்தக் காலக் கஸ்டம் கார்களின் உள்ளலங்காரத்தில் மிகவும் மதிக்கப்பட்டது 'டக் அண்ட் ரோல்'. மெத்தையுறையைச் சம அகலத்தில் மடித்து, உள்ளே பஞ்சடைத்து, வரிவரியாகத் தைப்பது. இதைக் குறைந்த செலவில் செய்துகொள்ள தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்கே போனார்கள். இது தையல். துணியை அளந்து, மடிப்பைப் பிடித்து, நூல் நெளியாமல் ஓட்டும் தையல். அது வீட்டு மூலையில் மிதி இயந்திரத்தில் நடந்தால் 'அம்மா ஏதோ தைத்துக்கொண்டிருக்கிறாள்'. கார் இருக்கையில் நடந்தால் கஸ்டம். 'பின்ஸ்டிரைப்பிங்' எனப்படும் கோட்டோவியமும் அப்படித்தான். வான் டச் என்ற பெயரில் அறியப்பட்ட கென்னத் ஹோவர்ட் இதில் பேர் போனவர். நீண்ட மயிர்த் தூரிகையால், கை நடுங்காமல், நிறுத்தாமல், கார் மூடியின் மேல் இருபுறமும் ஒத்துப்போகும்படி மெல்லிய கோடுகளை இழுப்பது. எங்கள் தெருவில் புள்ளிகளைச் சுற்றிக் கையெடுக்காமல் கம்பி இழுக்கும் பெண்களுக்கு அந்தக் கையின் உறுதி புதிதல்ல. அவர்கள் இழுத்தது மறுநாள் காலை தண்ணீர் தெளித்துக் கூட்டப்படும். அது வாசல் வேலையின் ஒரு பகுதி. திறமையில் அல்ல, எதை எண்ணிப் பார்ப்பது, எதைப் பாதுகாப்பது என்பதில் வேறுபாடு தொடங்குகிறது.

இந்தக் கார்களைப் பற்றிய மிகவும் பிரியமான படம் ஜார்ஜ் லூகாஸ் 1973இல் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி'. 1962இல், கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில், ஒரே இரவில் நடக்கும் கதை. ஜான் மில்னர் என்பவனிடம் மஞ்சள் நிற 1932 ஃபோர்டு இருக்கிறது. ஊரிலேயே வேகமான கார் அது. அன்றிரவு அவன் காரில் தற்செயலாக ஏறிக்கொள்கிறாள் கேரல் என்ற சிறுமி. பதின்மத்தின் வாசலில் நிற்பவள். வளர்ந்த பெண் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்வலம் வர நினைத்த மில்னருக்கு இது அவமானம். ஆனால் படத்திலேயே உயிருள்ள உறவு இந்த இருவருடையதுதான். அவன் அவளைப் பழைய கார்கள் குவிந்த மயானம் ஒன்றுக்குக் கூட்டிப்போய், நொறுங்கிக் கிடக்கும் வண்டிகளின் கதையைச் சொல்கிறான். தனக்குத் தெரிந்ததை அவன் அக்கறையாகச் சொல்லிக்கொடுப்பது அங்கேதான்.

இரவின் முடிவில் அவளை வீட்டில் இறக்கிவிடும்போது, காரின் கியர் கம்பியின் தலையிலிருக்கும் குமிழைக் கழற்றி நினைவுப் பொருளாகக் கொடுக்கிறான். அவளுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. பார்க்கும் நமக்கும் நெஞ்சு இளகும் இடம். இரண்டாவது முறை பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. குமிழ் கிடைத்தது, கியர் போடக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. அந்தக் காருக்குள் அத்தனை மணி நேரம் இருந்தவள், அதை ஓட்டும் நாள் ஒன்று வரும் என்று படத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மற்றொரு பெண்ணான லாரி, காதலனோடு ஏற்பட்ட கோபத்தில் மில்னரின் எதிரி காரில் ஏறுகிறாள். பந்தயத்தில் அந்தக் கார் கவிழ்கிறது. அவள் உயிர் தப்புவது, காதலன் ஊரைவிட்டுப் போகாமல் தங்கிவிடுவதற்கான காரணமாகிறது. பந்தயம் ஆண்களுக்கு நடுவே. ஆபத்து பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து. தன் காரைத் தானே ஓட்டிவரும் ஓர் இளம்பெண்ணும் படத்தில் உண்டு. வெள்ளை தண்டர்பேர்டில் கடந்துபோகும் அவளை நாயகன் இரவு முழுக்கத் தேடுகிறான், கிடைப்பதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பெண் கனவாகத்தான் வர முடிகிறது.

படத்தின் கடைசியில், நான்கு இளைஞர்களுக்கும் பிற்காலத்தில் என்ன நேர்ந்தது என்று எழுத்தில் போடுகிறார்கள். கேரல் என்ன ஆனாள், லாரி என்ன ஆனாள் என்று ஒரு வரி கூட இல்லை. படம் வந்த காலத்திலேயே விமர்சகர் பாலின் கேல் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பெண்களுக்கு அந்த இரவு உண்டு, எதிர்காலம் இல்லை.

'ஈஸி ரைடர்' இதற்கு நான்கு ஆண்டுகள் முந்தையது; 1969இல் ஹாப்பர் இயக்கியது. எங்கள் வகுப்பில் அதிகம் பேசப்பட்ட காட்சி கடிகாரத்துக்குக் கொஞ்ச நேரம் கழித்து வருகிறது. வயட்டின் வண்டிச் சக்கரம் பஞ்சர். வழியில் ஒரு பண்ணை. பண்ணைக்காரர் குதிரைக்கு லாடம் கட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே இவர்கள் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறார்கள். குதிரைக் குளம்பும் ரப்பர்ச் சக்கரமும் ஒரே சட்டகத்துக்குள். பழைய அமெரிக்காவும் புதிய அமெரிக்காவும் தங்கள் வாகனங்களைத் தங்கள் கையாலேயே பழுதுபார்க்கின்றன என்பதைக் கேமரா அழகாகச் சொல்லிவிடுகிறது.

அடுத்து எல்லோரும் வெளியே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பண்ணைக்காரரின் மனைவி இருக்கிறார். சுற்றிலும் பிள்ளைகள், நிறையப் பிள்ளைகள். மனைவி கத்தோலிக்கர் என்று பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் கணவர் விளக்கம் தருகிறார். வயட் அந்த மனிதரை மனமாரப் பாராட்டுகிறான். நிலத்தை நம்பி, சொந்த நேரத்தில் சொந்த வேலையைச் செய்து வாழும் வாழ்க்கை பெருமைக்குரியது என்கிறான். படத்தின் இதயம் இந்தப் பாராட்டில் இருக்கிறது. கடிகாரத்தை எறிந்தவன், தன் நேரத்துக்குத் தானே எஜமானனாக இருக்கும் இன்னொருவனை அடையாளம் கண்டுகொள்கிறான்.

லாடம் கட்டுவதைக் காட்டிய கேமரா அந்தச் சோறு ஆன விதத்தைக் காட்டவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் திடீரென வந்த இரண்டு விருந்தாளிகளுக்கும் சேர்த்துச் சமைத்தவர், பரிமாறியவர், பிறகு பாத்திரத்தை அள்ளப் போகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பாராட்டு அவரைத் தாண்டிக் கணவரிடம் போய்ச் சேர்கிறது. 'சொந்த நேரம்' என்று வயட் வியப்பது யாருடைய நேரம்? அந்த மேசையில் ஒருவருக்குச் சொந்த நேரம் கிடைக்க, இன்னொருவரின் நேரம் முழுதும் அடுப்படியிலும் தொட்டிலடியிலும் செலவாகிறது. இயக்குநர் இதைத் திட்டமிட்டு மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணில் படவில்லை. படாமல் இருப்பதற்குத்தான் ஒரு முழுச் சமூக ஏற்பாடு இருக்கிறது.

'தன் கையால் கட்டியது' என்ற பெருமையின் நிலையும் இதுவே. அந்தப் படத்தின் வண்டிகளைப் பாருங்கள். உலகத்திலேயே அதிகம் நகலெடுக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் ஒன்றாக வயட்டின் 'கேப்டன் அமெரிக்கா'வைச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் ஏலத்தில் விட்ட பழைய ஹார்லிகளிலிருந்து அவை உருவாயின. உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர்கள் இருவர். ஒருவர் கிளிஃப் வான்ஸ். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவர் அமைப்புக்காகப் படமெடுத்த புகைப்படக்காரர். இன்னொருவர் பென் ஹார்டி. லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பினப் பகுதியில் பட்டறை வைத்திருந்த கைதேர்ந்த மெக்கானிக். இருவரும் கறுப்பர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்தே அவர்களைப் பற்றிப் பரவலாகப் பேசத் தொடங்கினார்கள். திரையில் அந்த வண்டியை ஓட்டுபவர்கள் வெள்ளை ஆண்கள். வண்டிகளைக் கட்டிய இனத்தவர் ஒருவர்கூட அந்தச் சாலையில் அவர்களோடு வருவதில்லை.

ஆகவே, கராஜில் தனியாக நின்று தன் விடுதலையைத் தானே பற்றவைத்துக்கொண்ட ஆண் என்ற பிம்பம் இரண்டு மௌனங்களின் மேல் நிற்கிறது. ஒன்று, அவனுக்காக உண்மையில் பற்றவைத்த கை. மற்றொன்று, அவனுக்கு நேரம் செய்து கொடுத்த கை. முதலாவதை இனமும் வர்க்கமும் மறைக்கின்றன. இரண்டாவதைக் குடும்பம் மறைக்கிறது. மறைக்கும் விதம் ஒன்றுதான்: வேலை நடந்துவிட்டது, பெயர் மட்டும் இல்லை.

பெண்கள் வண்டி ஓட்டவில்லையா? ஓட்டினார்கள். 'ஈஸி ரைடர்' நாயகர்களைப் பார்த்ததும் ஒரு விடுதிக்காரர் 'இடமில்லை' என்ற விளக்கைப் போட்டுவிடுவார். நீண்ட தலைமுடிக்கு அமெரிக்கா கொடுத்த தண்டனை அது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே பெஸ்ஸி ஸ்டிரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண் மோட்டார் சைக்கிளில் தனியாக நெடுந்தொலைவுப் பயணங்கள் போயிருக்கிறார். அறை கொடுக்க மறுத்த ஊர்களில், பெட்ரோல் நிலையங்களில் வண்டியின் மேலேயே படுத்துத் தூங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு எந்த விளக்கையும் போட வேண்டியிருக்கவில்லை. எப்போதும் எரிந்துகொண்டிருந்த விளக்கு அது. 1940இல் தொடங்கிய 'மோட்டார் மெய்ட்ஸ்' பெண்கள் சங்கத்தில் உறுப்பினராக, சொந்தமாகவோ குடும்பத்திலோ ஒரு மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும், அதைத் தானே ஓட்டவும் வேண்டும். பின்னிருக்கைக்கு அங்கே இடமில்லை. அணிவகுப்புகளில் அவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார்கள். நான் அதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். கிரீஸ் படிந்த கை ஆணுக்குப் பதக்கம். பெண்கள் அதே சாலைக்கு வர, கை சுத்தமாக இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டியிருந்தது.

ஷெர்லி மல்டவுனி 1977இல், டிராக் பந்தயத்தின் அதிவேகப் பிரிவான டாப் ஃப்யூயலில் தேசிய வாகையர் பட்டம் வென்றார். பிறகு 1980லும் 1982லும். அவர் வாழ்க்கையை வைத்து 1983இல் 'ஹார்ட் லைக் எ வீல்' படம் வந்தது. மரியாதையோடு எடுக்கப்பட்ட நல்ல படம். ஆனால் அதன் கேள்விகளைக் கவனியுங்கள்: கணவன் என்ன ஆவான், மகன் என்ன ஆவான், காதலன் என்ன சொல்வான். மில்னரிடமோ வயட்டிடமோ எந்தப் படமும் இந்தக் கணக்கைக் கேட்டதில்லை. இதைப் பெண்ணின் வாழ்க்கையைக் குறுக்கும் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வேகத்துக்கு யாரோ ஒருவருடைய நேரம் விலையாகிறது என்ற உண்மையை, நாயகி பெண் என்பதாலேயே, அந்தப் படம் சொல்ல நேர்ந்துவிட்டது. ஆண்களின் படங்கள் சொல்லாமல் தப்பித்துக்கொண்ட உண்மை அது.

வியாழக்கிழமை படம் முடிந்தது. கடைசிக் காட்சியில் இருவரும் சாலையில் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, அட்டெண்டன்ஸ் என்று சொன்ன அதே பெண்தான் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அவன் ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்கிப் பிரித்துப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. திண்ணை முழுக்கப் பாகங்கள். அம்மா அவற்றை நகர்த்தாமல் சுற்றிச் சுற்றிக் கூட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். "எந்த நட்டுக்கு எந்த நம்பர் ஸ்பேனர்னு எனக்கும் தெரியும் மேடம். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கார்புரேட்டரைக்கூட ஒருதடவை கழுவியிருக்கேன்." ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். அது இன்னும் ஓடவில்லையே என்றாள்.

நான் கேட்டது அதை அல்ல. அவளுக்கும் அது தெரியும்.

பருவ முடிவில் அவள் கொடுத்த ஒப்படைப்பு ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் போட்ட கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்த வீட்டில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல். அண்ணன் பெயருக்கு நேரே ஏழு மணி நேரம் 'வண்டி' என்று இருந்தது. அம்மாவின் பெயருக்கு நேரே எழுதியவை கட்டத்துக்குள் அடங்காமல் தாளின் ஓரத்தில் மேல்நோக்கி ஏறியிருந்தன. தன் பெயருக்கு நேரே, தண்ணீர் பிடித்தது, துணி காயப்போட்டது, படித்தது ஆகியவற்றுக்கு நடுவில், 'ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது' என்று எழுதி, முதலில் அடித்துவிட்டு, பிறகு மறுபடி எழுதியிருந்தாள்: 'வண்டி, 40 நிமிடம்.'